பாலத்துச் சண்டைக்கு ஓர் அட்டை

எங்கள் ஊரில் நடக்க வேண்டிய சண்டை, அட்டை வராததால் நின்றுபோயிருந்தது.

கிழக்குப் படை ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெல் மில்லை ஒட்டி நின்றது. மேற்குப் படை இந்தப் பக்கம், டவுன் பஸ் நிற்கும் இடத்தில். நடுவில் பாலம். இரண்டு படையிலும் எல்லோரும் துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றார்கள். காகம் வந்து தொப்பியில் உட்கார்ந்தால்கூட விரட்டவில்லை. விரட்டலாமா என்பது அட்டையில்தான் இருக்கும்.

அந்த அட்டையை எழுதுவது என் வேலை. கள அட்டை என்போம். உள்ளங்கை அளவு இருக்கும். எந்த இடம், யார் எங்கே நிற்பது, எத்தனை சுற்று, எப்படி வெல்வது. பதினோரு வரிக்கு மேல் போகக் கூடாது. பின்பக்கம் எழுதக் கூடாது. சண்டையின்போது அட்டையைத் திருப்ப யாருக்கும் கை ஓய்வாக இருப்பதில்லை.

அதுவரை வெளியூர்களுக்குத்தான் எழுதியிருந்தேன். ஒரு கணவாய், சில ரயில் நிலையங்கள், ஒரு தடவை சர்க்கரை ஆலை. இந்த முறை அலுவலகம் கொடுத்த வரைபடத்தை விரித்தபோது, அறுகோணக் கட்டங்களுக்கு அடியில் நான் சட்டை தேய்க்கக் கொடுக்கும் கடை தெரிந்தது.

வரைபடத்தை விரித்ததும் அதில் இருந்தவர்களுக்கு எண்கள் வந்துவிட்டன. இடது தோளில், இரண்டு எண்கள். முதல் எண், அவர் எவ்வளவு சண்டை போடுவார் என்பது. அடுத்தது, ஒரு தடவைக்கு எத்தனை கட்டம் நகர்வார் என்பது. தேய்ப்புக்காரருக்குப் பூஜ்யம், நான்கு. எண் வந்தவர்கள் தங்கள் கட்டத்தைவிட்டுப் போக முடியாது. அட்டை எழுதுகிறவனுக்கு எண் கிடையாது. நான் நினைத்த இடத்துக்குப் போய் வந்தேன்.

காலையில் கிழக்குப் படையின் கேப்டன் இராசப்பன் வீட்டுக்கு வந்தார். கேப்டன்கள் அட்டையைப் பற்றிக் கேட்பதற்கு மட்டும் நகரலாம். பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையன்களுக்குக் கால் மரத்துப்போய்விட்டது என்றார். இன்றைக்காவது கிடைக்குமா என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

“சுருக்கமா இருந்தாப் போதுமுங்க,” என்றார். “போன ஊர்ல பெருசா ஒண்ணு குடுத்தாங்க. படிச்சு முடிக்கறதுக்குள்ள பாதிப்பேரு போயிட்டாங்க.”

மோர் குடித்தார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அன்று மில் சங்கு ஊதுவதற்குள் அட்டை அச்சுக்குப் போயாக வேண்டும். இல்லாவிட்டால் அலுவலகமே ஓர் அட்டை போட்டுவிடும். அலுவலகத்து அட்டையில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதைப் படித்தவர்கள் யாரும் திரும்பி வந்து அது என்ன வரி என்று சொன்னதில்லை.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஆட முடியாத அட்டையாக எழுதிவிடுவது. ‘இரண்டு படைகளும் ஒன்றுக்குப் பின்னால் மற்றொன்று நின்று தொடங்கும்’ என்று எழுதினேன். எழுதியதை அக்காவிடம் எடுத்துப் போனேன்.

அக்கா பெயர் குணவதி. காலேஜில் புள்ளியியல் நடத்தியவள். பாலத்தை ஒட்டி, இந்தக் கரையில், மஞ்சள் வீட்டில் தனியாக இருக்கிறாள். நான் எழுதும் எல்லா அட்டைகளையும் அவள்தான் சாப்பாட்டு மேசையில் ஆடிப் பார்ப்பாள். மேற்குப் படைக்குத் தட்டைப்பயறு, கிழக்குப் படைக்குக் கொள்ளு, ஊர்க்காரர்களுக்கு உளுந்து. பகடையை அவளே உருட்டுவாள். என்னைத் தொட விடமாட்டாள்.

அட்டையைப் படித்தாள். இதை ஆட முடியாது என்றாள். அதற்காகத்தான் எழுதினேன் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “ஆட முடியாதுன்னா ஆடாம வுட்டுருவாங்கன்னு நெனைக்கறயா கண்ணு? ஆளுக்கொரு அர்த்தம் வெச்சுக்கிட்டு ஆடுவாங்க. எப்ப முடியும்னு ஒருத்தனுக்கும் தெரியாது.”

வடக்கே ஓர் ஊரைச் சொன்னாள். அங்கே அட்டையில் ஒரு வரி தெளிவாக இல்லையாம். அவளோடு வேலை பார்த்த அம்மாள் ஒருவர் அந்த ஊர். இன்னமும் சண்டை நடக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் பால்காரர் ஓடிப் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருகிறார். மூன்று பால்காரர்கள் மாறிவிட்டார்கள்.

அட்டையைக் கிழித்தேன். உண்மையான அட்டையை எழுத உட்கார்ந்தேன்.

ஆறு சுற்று என்று வைத்தேன். ஆறாவது சுற்றின் முடிவில் பாலத்தில் யார் நிற்கிறாரோ அவர் பக்கம் வென்றது. பாலத்தில் யாருமே இல்லையென்றால் எல்லாம் பழையபடி இருந்த இடத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து தொடங்கும். இந்தக் கடைசி வரி எல்லா அட்டைகளிலும் இருக்கும். நான் போட்டதல்ல. அட்டைத் தாளோடு அச்சாகியே வருவது.

அக்கா ஆடிப் பார்த்தாள். முதல் சுற்றில் கிழக்குப் படையின் பீரங்கிக் குண்டு மேற்குக் கரையில் விழுந்தது. அவள் வீடு இருந்த கட்டத்தில்.

பீரங்கியை மில்லுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். குண்டு அதே கட்டத்தில் விழுந்தது. பனிமூட்டம் சேர்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஆற்றின் மேல் பனி இறங்கியது. குண்டு பனிக்குள்ளிருந்து அதே கட்டத்தில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அக்கா அந்தக் கட்டத்து உளுந்துகளை உள்ளங்கையில் வழித்து டப்பாவில் போட்டாள். அது அவளும் அவள் தெருவும்.

தண்ணீர் எடுக்க எழுந்தபோதுதான் அவள் தோளைப் பார்த்தேன். பூஜ்யம், இரண்டு.

மற்றவர்களுக்கெல்லாம் நான்கு. அவளுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருந்தது.

காலையில் குளிக்கும்போதே பார்த்ததாகச் சொன்னாள். நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பால் வாங்கக் கிளம்பினாளாம். கேட்டைத் திறந்து வெளியே கால் வைத்தால் சமையலறையில் இருந்தாளாம். இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டுக் கடுங்காப்பி போட்டுக் குடித்துவிட்டாள்.

வரைபடத்தைப் பார்த்தேன். வடக்கே கொய்யாத் தோப்பு வரைபடத்துக்கு வெளியே இருந்தது. மஞ்சள் வீட்டிலிருந்து அங்கே போக நான்கு கட்டம் நகர வேண்டும். சண்டை எண் பூஜ்யமாக இருப்பவர்கள் கடைசியில்தான் நகர்வார்கள். அதற்குள் பீரங்கி சுட்டுவிடும்.

ஒரு வரி சேர்த்தேன். ‘சண்டை எண் பூஜ்யமாக உள்ளவர்கள், முதல் சுற்றுக்கு முன், இரண்டு தடவை நகரலாம்.’

அக்கா பேனாவை வாங்கினாள். “‘லாம்’னு எழுதாத. வேண்டாம்னும் இருந்துக்கலாம்னு ஆயிரும்.” ‘நகர்வார்கள்’ என்று திருத்தினாள். ஆடிப் பார்த்தாள். உளுந்து முழுக்க வரைபடத்தைவிட்டு வெளியே போனது. குண்டு காலி வீட்டில் விழுந்தது. அவள் டப்பாவை மூடினாள்.

வரிகளை எண்ணவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அலுவலகம் மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. படியேறினால் நடைபாதை, அதன் கோடியில் மேலாளர் ரூபாவதி மேடத்தின் அறை. அன்று அறை வெகுதூரத்தில் இருந்தது. நடந்தேன். கதவு அப்படியே இருந்தது. ஓடினேன். சுவரிலிருந்த மின்விசிறி சுவிட்சுகள் பின்னால் போயின, மறுபடி முன்னால் வந்தன.

அட்டையை எடுத்துப் பார்த்தேன். ‘மெதுவாக’ என்று ஒரு சொல் தேவையில்லாமல் இருந்தது. அடித்தேன். கதவு கொஞ்சம் கிட்டே வந்தது.

நின்றபடியே வெட்டத் தொடங்கினேன். ‘ஆகவே’ போனது. ‘மேற்படி’ போனது. கதவு வந்துகொண்டே இருந்தது. மேடம் மேசையில் ஸ்கேலை வைத்து எதையோ அளப்பது தெரிந்தது. பனிமூட்டத்தை அடித்தேன். ஜன்னலில் ஆறு பளிச்சென்று ஆனது. இன்னும் ஒரு கை தூரம் இருந்தது. இருந்தவை பன்னிரண்டு வரிகள், ஒன்று அதிகம்.

மில்லில் சங்குக்கு நீராவி ஏறும் சத்தம் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று மூச்சை இழுப்பது மாதிரி.

பீரங்கி வரியை அடித்தேன். அடித்த இடத்தில் அதே வரி வேறொருவர் கையெழுத்தில் திரும்ப வந்தது. இன்னும் அழுத்தமாக. சுற்றுகளின் எண்ணிக்கையை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடித்தால் சண்டை முடியாது. யார் எங்கே நிற்பது என்ற வரியை அடித்தால் படைகள் வீடுகளுக்குள் நிற்கும். மிச்சம் இருந்ததில் அக்கா திருத்திய வரி மட்டும்தான் சண்டைக்கு வேண்டாதது. பேனா அதன்மேல் இருந்தது.

அப்போதுதான் அட்டையின் அடிப்பகுதியைப் பார்த்தேன். ‘எழுதியவர்: ப. திருமேனி.’

நான் அதை ஒருநாளும் வரியாக எண்ணியதில்லை. அடித்தேன். கதவு என் மூக்கில் இடித்தது.

ரூபாவதி மேடம் அட்டையை வாங்கி ஸ்கேலால் அளந்தார். வாய்க்குள் படித்தார். சுத்தமாக இருக்கிறது என்றார். அச்சுக்கு அனுப்பும் துவாரத்தில் போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். பெயர் இல்லையே என்றார். அவர் பார்வை என் தோளில் இருந்தது.

“ஆட்டக் காயிங்கல்லாம் ஆபீஸுக்குள்ள நிக்கக் கூடாதுங்க,” என்றார். குரலில் கோபம் இல்லை.

சங்கு ஊதியது.

தோள் அரித்தது. சட்டையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு, நான்கு. பூஜ்யம் இல்லை. படியிறங்கினேன். கடைசிப் படி பாலத்தின் மேல் முடிந்தது. கையில் துப்பாக்கி இருந்தது. மேற்குப் படையின் ஆட்கள் பின்னால் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். பாலத்தில் நான் மட்டும்தான்.

ஊர் நகரத் தொடங்கியது. தேய்ப்புக்காரர் கரித் தேய்ப்புப் பெட்டியோடு நான்கு கட்டம் போனார், நின்றார், இன்னும் நான்கு கட்டம் போய் மறைந்தார். தெருவே போனது. யாரும் ஓடவில்லை. கடைசியாக மஞ்சள் வீட்டுக் கதவு திறந்தது. அக்கா தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். முதல் கட்டம் பாலத்து முகப்பு. என்னைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள்.

“உம் பேரு எங்கடா?”

இடம் இல்லை என்றேன்.

இந்த அட்டையை அவள் எத்தனையோ தடவை ஆடிப் பார்த்திருந்தாள். பாலத்தில் இருந்த மேற்குப் படைத் தட்டைப்பயறு என்ன ஆனது என்று கேட்டேன்.

“ஒவ்வொரு தடவைக்கு ஒவ்வொண்ணு ஆச்சு,” என்றாள். “குனிஞ்சே இரு. நிமிந்து பாக்காத.”

என் காலரைச் சரிசெய்தாள். அவள் நிற்க விரும்பினாள். கை என் சட்டையைப் பிடித்திருந்தது. கால்கள் நகர்ந்தன. துணி இழுபட்டு விடுபட்டது. இரண்டாவது கட்டத்தில் நின்று மூட்டைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு மறுபடி நகர்ந்தாள். கொய்யாத் தோப்புக்குள் அவள் புடவை நிறம் போகும்வரை பார்த்தேன்.

பீரங்கி சுட்டது. மஞ்சள் சுவர் திறந்தது. உள்ளே சாப்பாட்டு மேசை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

புகை அடங்கியதும் கேப்டன் இராசப்பன் கிழக்குக் கரையிலிருந்து பாலத்தின் மேல் நடந்து வந்தார். துப்பாக்கியைத் தோளில் மாட்டியிருந்தார். கையில் புது அட்டை. மை காயவில்லை. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. அட்டையைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வந்தேன் என்றார்.

ஏழாவது வரியில் விரலை வைத்தார். ‘கரையில் நிற்பவர் அடுத்த கட்டத்தில் இருப்பவரைச் சுடுவார்.’

“பாலம் ஒரு கட்டமுங்களா? இல்ல ரெண்டு கட்டத்துக்கு நடுவுல இருக்கற கோடுங்களா? கோடுன்னா அதுல யாரும் நிக்க முடியாதுங்க. சுடவும் முடியாதுங்க. எழுதினவரு பேரு போடல. யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியலீங்க.”

பையன்கள் அவருக்குப் பின்னால் கரையில் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அட்டையை வாங்கி அந்த வரியைப் படித்தேன். இரண்டு விதமாகவும் படிக்க வந்தது. நான் எழுதிய வரிதான். கோடு என்றால் பாலத்தில் நான் இல்லை. யாரும் இல்லை. ஆறாவது சுற்றின் முடிவிலும் யாரும் இருக்கப்போவதில்லை. எல்லாம் இருந்த இடத்துக்குத் திரும்பும். சுவர் மூடிக்கொள்ளும். கதவைத் திறந்தால் அவள் சமையலறையில் இருப்பாள். அடுத்த தடவை மூட்டு இன்னும் மோசமாக இருக்கலாம்.

அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

“கட்டந்தானுங்க,” என்றேன்.

“சரிங்க,” என்றார் கேப்டன். என் பேனாவை வாங்கி, அட்டையில் பாலம் என்ற சொல்லைச் சுற்றி அழுத்தமாக ஆறு கோடுகள் போட்டுக்கொண்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். தன் கரைக்குத் திரும்பிப் போய், பையன்களுக்குக் காட்டி, விளக்கிச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கேயோ பகடை உருண்டது. நான் குனிந்துகொண்டேன்.