கை தவறி விழுந்தது

அக்கா நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவள். பதினெட்டு வருடமாக வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் சொத்துத் தகராறுகளையும் விவாகரத்துகளையும் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அவளோடு, மனைவியைப் பிரிந்த தம்பியாக நானும் அதே வீட்டில் ஒட்டிக்கொண்டேன்.

பழைய லேப்டாப்பில் எழுத்துகள் சரியாக அமுங்கவில்லை என்று அவள் சொன்னபோது நம்பினேன். கோளாறு லேப்டாப்பில் இல்லை என்று நரம்பு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. விரல்களில் தொடங்கியிருக்கிறது, மெல்ல மேலே ஏறும், நிறுத்த மருந்து இல்லை என்றார். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இன்னும் எவ்வளவு நாள் டைப் பண்ணலாம் டாக்டர்?"

"ஒரு வருஷம். கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

மறுவாரம் கடைக்குக் கிளம்பினோம். லேசாகத் தொட்டாலே அமுங்குகிற லேப்டாப் வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பில் போடும் இடத்தில் இருந்த பெண் ஒரு தாளை எடுத்து வைத்தாள்.

"கம்பெனி வாரண்டி ஒரு வருஷம் இருக்கு மேடம். எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தா இன்னும் ரெண்டு வருஷம் சேரும். மொத்தம் மூணு."

"மூணு வருஷமே போடுங்க" என்றேன்.

"வேணாம்மா, ஒரு வருஷம் போதும்" என்றாள் அக்கா.

நான் லிப்ட் மெக்கானிக். பராமரிப்பு ஒப்பந்தம் எதற்கு என்று காசை மிச்சம் பிடித்த கட்டடங்களில், இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டிக் கத்துவதைக் கேட்டவன்.

"மெஷின் எப்ப மக்கர் பண்ணும்னு யாருக்குக்கா தெரியும்?"

"மெஷின் நல்லாத்தான்டா இருக்கும்."

அந்தப் பெண் விவரம் தெரியாமல், "மூணு வருஷம் நிம்மதியா இருக்கலாம் மேடம்" என்றாள். அக்கா சிரித்துவிட்டாள். "அந்த நிம்மதியை வேற யாருக்காவது குடும்மா" என்றாள். விளம்பரப் பலகை எதையோ படிப்பது போலத் திரும்பி நின்றேன்.

அடுத்து, கீழே விழுந்தாலோ தண்ணீர் கொட்டினாலோ சரிசெய்து தரும் ஆக்சிடென்டல் டேமேஜ் கவர். வருடத்துக்கு ஒரு முறைதான் கேட்க முடியும். பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளை அக்கா முழுக்கப் படித்தாள். தொழில் புத்தி. ஓரிடத்தில் விரலை வைத்தாள். 'எதிர்பாராத விபத்துகளுக்கு மட்டும்.'

"இது எனக்குப் பொருந்தாதுடா. நான்தான் எதிர்பார்த்துட்டே இருக்கேனே."

"அதையெல்லாம் யாரு கேக்கப்போறா? எடுக்கா."

அதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது மாதம், ஒரு மதிய நேரத்தில் போன் வந்தது. "கொஞ்சம் வந்துட்டுப் போறியா" என்று மட்டும் சொன்னாள். நான் போனபோது லேப்டாப் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்திலேயே அக்கா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் எடுக்கப் பார்த்து, முடியாமல் விட்டிருந்தாள். திரை முழுக்க விரிசல். பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்கிற வழக்கில் ஒரு தாயின் வாக்குமூலம், மொழிபெயர்ப்பு பாதியில் நின்றிருந்தது.

கவர் கொடுத்த கம்பெனிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். ஓர் இளைஞன் எடுத்தான்.

"எப்படி சார் விழுந்துச்சு?"

"நான்தாங்க போட்டுட்டேன். அவசரமா மேசையைத் தாண்டும்போது..."

"பொய் சொல்லாத" என்றாள் அக்கா. போன் பக்கம் குனிந்தாள். "தம்பி, என் கையில இருந்துதான் விழுந்துச்சு. எனக்கு நரம்பு வியாதி. என்னைக்காவது விழும்னு தெரியும். என்னைக்குன்னுதான் தெரியாது."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"மேடம், இங்க காரணம்னு ஒரு கட்டம்தான் இருக்கு" என்றான் அவன் மெதுவாக. "'கை தவறி விழுந்தது'ன்னு போடுறேன். சரியா இருக்குமா?"

வேலை நேரத்தில் ஒரு சொல்லுக்காக ஜன்னலைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள் அக்கா.

"சரியான வார்த்தைதான்ப்பா. போட்டுக்கோ."

போனை வைத்ததும் என் மேல் பாய்ந்தாள். "உன்ன யாருடா பழியத் தூக்கிப் போட்டுக்கச் சொன்னா?"

"உனக்காகத்தான்..."

"பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வாக்குமூலத்துல ஒரு வார்த்தை மாத்துனதில்ல. என்னோடதுல மட்டும் பொய் எதுக்கு?"

இரண்டு நாள் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ஒன்பதாம் நாள் புதுத் திரையோடு லேப்டாப் திரும்பி வந்தது. அதற்குள் வலது கை இன்னும் தளர்ந்திருந்தது. ஒரு வரி அடிக்க அரை மணி நேரம் ஆனது. அடித்ததைவிட அழித்ததே அதிகம். நான் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டு, பார்க்காதது போல இருந்தேன்.

"வந்து உக்காரு" என்றாள் கடைசியில்.

அவள் சொல்லச் சொல்ல, ஸ்குரூ டிரைவர் பிடித்தே பழகிய இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தேன். அந்தத் தாயின் வாக்குமூலம் ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. அதோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். "ஒரு கடிதம் பாக்கி இருக்கு" என்றாள். இனி தனக்கு வேலை அனுப்ப வேண்டாம் என்று நீதிமன்ற அலுவலகத்துக்கு நான்கு வரி. படித்துக் காட்டச் சொன்னாள். 'உடல்நலக் குறைவால்' என்று நானாகச் சேர்த்திருந்ததை எடுத்துவிட்டு, 'கைகள் செயலிழந்து வருவதால்' என்று மாற்றச் சொன்னாள்.

"அனுப்பு."

அனுப்பினேன்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சுக்கா."

டாக்டர் சொன்ன அன்றும், கடையிலும், உடைந்த அன்றும் அழாதவள் அப்போது அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை எழவில்லை. நான் துடைத்துவிட்டேன்.