சிக்ஸ்டனின் நெஞ்சு

பொம்மைக்குச் சட்டை போடுவது என் வேலை. சிரிக்காதீர்கள். காரைச் சுவரில் மோதவிட்டு, உள்ளே இருப்பவரின் விலா எலும்பு உடையுமா என்று முன்கூட்டியே சொல்வதுதான் எங்கள் கோத்தன்பர்க் நகரச் சோதனைக்கூடத்தின் பிழைப்பு. உள்ளே இருப்பவர் சிக்ஸ்டன். இரும்பு விலா, ரப்பர் தோல், எழுபத்தெட்டு கிலோ.

எங்கள் இன்ஜினீயர் டோர்க்கெல் ஒரு சீட் பெல்ட்டோடு மூன்று வருஷமாக மல்லுக்கட்டுகிறான். மோதும்போது நெஞ்சு நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் அமுங்கினால் பெல்ட் தோற்றது என்று கணக்கு. முதல் மோதலில் நாற்பத்து மூன்று அமுங்கியது. ஒரு வாரம் கழித்து, முப்பத்து நான்கு. அதே கார், அதே வேகம், அதே பெல்ட். எதை நம்புவது? ஒரு மண்ணும் புரியவில்லை. வயர்களைக் கழற்றி மாட்டினோம், கம்ப்யூட்டரைத் திட்டினோம். எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. கூடத்தின் வெப்பம்கூட இரண்டு நாளும் இருபத்தொரு டிகிரி என்று பதிவேடு சொன்னது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாவது மோதல்தான் தீர்ப்பு. நாற்பதுக்குள் வந்துவிட்டால் வசந்தத்தில் புதிய கார்களில் எல்லாம் அந்த பெல்ட்தான்.

அன்று காலை காபி நேரத்தில் டோர்க்கெல் ஏலக்காய் பன்னைப் பிய்த்தபடி என்னைச் சீண்டினான்.

"மொத மோதல் அன்னிக்கு நீ சளின்னு லீவு போட்டுட்ட, குன்வோர். நீ இல்லேன்னா சிக்ஸ்டனுக்கு நெஞ்சே நொறுங்கிப் போகுது!"

"வாய மூடிட்டுத் தின்னு. உனக்கு அந்தப் பொம்மையே தேவல."

கூடத்துக்குத் திரும்பினேன். காபிக்குப் போகும்போது பெரிய கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். வெளியே மைனஸ் பன்னிரண்டு என்றாலும் காலையில் காற்றோட்டம் வேண்டும், அடைத்த காற்று எனக்கு ஆகாது. கதவைச் சாத்திவிட்டு, காரில் தயாராக உட்கார்ந்திருந்த சிக்ஸ்டனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டேன். விரல் நெஞ்சில் பட்டது. பனிக்கட்டி!

எதிர்ச் சுவரில், ஹீட்டருக்கு மேலே, தெர்மாமீட்டர் இருபத்தொன்று காட்டியது. இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை அங்கே மாட்டியதும் நான்தான். குளிர்ந்தால் அவன் விலாவில் ஒட்டியிருக்கும் ரப்பர் விறைத்துக்கொள்ளும், நெஞ்சு குறைவாக அமுங்கும். இது எனக்குத் தெரியாததா? ஐயோ, கடவுளே!

"டோர்க்கெல், நிறுத்து!"

"பத்து நிமிஷத்துல மோதல். இப்ப என்ன?"

"கதவத் தெறந்து வச்சது நான்தான். போன தடவையும், இன்னிக்கும். சிக்ஸ்டன் வெறச்சுக் கெடக்கான். மொத மோதல் அன்னிக்குத்தான் நான் இல்ல, கதவு சாத்தியே இருந்துச்சு. அந்த முப்பத்து நாலு பொய்."

அவன் முகம் செத்துப்போயிற்று. தெர்மாமீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏட்டுல இருபத்தொண்ணுன்னுதானே இருக்கு?" என்றான் மெல்ல.

தெர்மாமீட்டருக்குக் கீழே இருந்த ஹீட்டரைக் கைகாட்டினேன். பாவமாக இருந்தது.

"நம்ம ஊர்ல பாதி வருஷம் குளிர்தானே, குன்வோர். கார்ல ஏறுறவனும் வெறச்சுப் போய்த்தானே ஏறுவான்?"

"மூக்குதான் வெறைக்கும். உள்ள விலா முப்பத்தேழு டிகிரில இருக்கும், டோர்க்கெல். அது கதகதப்பாவே உடையும்."

அவன் காருக்குள் கையை விட்டு சிக்ஸ்டனின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, ஏட்டில் முப்பத்து நான்கைக் குறுக்கே அடித்தான். கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று போய் இழுத்துப் பார்த்தான்.