மூத்தவளுக்கு ஒன்றுமில்லை

இளைய மருமகள் அடுப்பங்கரையில் சுருண்டு விழுந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, வீட்டுக்குக் கிளம்பக் காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். இரவு முழுக்க வைத்திருந்த ஆக்ஸிஜனைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"இப்ப இல்லைங்க."

"எப்படி இருக்கும்?" என்றாள் மாமியார். "அடுப்பங்கரைதான் கண்ணுல படலையே. அவ அம்மா வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். தெருமுனை திரும்புறதுக்குள்ள வலி பறந்துடும். நம்ம வாசப்படியை மிதிச்சா மறுபடி வந்து உக்காந்துக்கும்."

இளையவளின் புருஷன் சிரித்தான். இந்தக் கேலி பனிக்காலம் தொடங்கியதிலிருந்தே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த மருமகளும் அதற்குச் சிரித்திருக்கிறாள். இப்போது ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "வெளியே போனா சரியாகுதா? அடுப்பங்கரையில கேஸ்ல எரியுறது என்னென்ன இருக்கு?"

"அடுப்பு. வெந்நீர் போடுற ஹீட்டர்" என்றான் புருஷன்.

"ஹீட்டர் புகை வெளியே போகக் குழாய் இருக்கா?"

"ஜம்முனு இருக்கு" என்றான் அவன்.

"அதுல சாக்கு அடைச்சிருக்கு" என்றாள் இளையவள், யாருக்கும் கேட்க வேண்டாம் என்பதுபோல.

"புறா கூடு கட்டுச்சு, அடைச்சோம். அதுக்கென்ன இப்போ?" என்றாள் மாமியார்.

டாக்டர் குரலைத் தணித்தார். குழாய் அடைபட்டால் எரிகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷக்காற்று சேரும். வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவிகூட ஏமாந்து எல்லாம் சரி என்றே காட்டும். சாக்கை உடனே எடுக்க வேண்டும். "ராத்திரியெல்லாம் ஆக்ஸிஜன் கொடுத்தாச்சு. இனி ரத்தத்துல தேடினாலும் சிக்காது. அதான் கேக்குறேன். அங்கே வேலை செய்யுற வேற யாருக்காவது தலைவலி, மயக்கம்?"

"இதோ உக்காந்திருக்காளே என் மூத்த மருமக!" மாமியாரின் குரல் ஓங்கியது. "அதே அடுப்பங்கரை, அதே ஹீட்டர். கல்லு மாதிரி இருக்கா. விஷக் காத்து ஆள் பார்த்தா பிடிக்கும்? சாக்கை எடுக்கணுமாம், சாக்கை!"

"அண்ணி ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்ல" என்றான் அவன். "கிளம்பலாமா? போய் வெந்நீர் வச்சாத்தான் அம்மா குளிக்க முடியும்."

யார் வெந்நீர் வைப்பது என்று அவன் சொல்லவில்லை. இளையவள் ஒரு செருப்பை மாட்டியிருந்தாள்.

போன வாரம் பாத்திரம் தேய்க்கும்போது அவள் மூத்தவளிடம் கேட்டிருந்தாள்: "அக்கா, உங்களுக்கு ஒண்ணும் செய்யலையா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"அப்போ எனக்குத்தான் ஏதோ கோளாறு" என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மூத்தவள் ஈரத்துணி வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். துணி காயப்போடும் வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. உலர்ந்த பிறகும் கொடிக்குக் கீழேயே நிற்பாள். அதையும் மாமியார் மெச்சியே பேசுவாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று நகையில்லை, பேச்சில்லை. இருந்ததெல்லாம் நல்ல பெயர் ஒன்றுதான். அதை இளையவளின் தலைமேல் ஏறி நின்று வாங்கியிருந்தாள்.

"நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர் மூத்தவளிடம். "உங்களுக்கு?"

"அவளுக்கு என்ன—" என்று மாமியார் ஆரம்பித்தாள்.

இளையவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பதில் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டாவது செருப்பைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் வலிக்குது டாக்டர். சாக்கு அடைச்ச அன்னைக்கிலேருந்து, தினமும்."