கழுவாமல் கொடுத்த படம்

ஒரு புதன்கிழமை காலை பல் மருத்துவர் வீட்டில் மூன்று பேரும் நெகட்டிவாக எழுந்தார்கள். தலைமுடி வெளுத்திருந்தது, பற்கள் கறுத்திருந்தன, கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பும் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும் இருந்தன. நிழல் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி விழுந்தது. மருத்துவர் அரை மணி நேரம் பல் தேய்த்துப் பார்த்தார். அவர் மனைவி பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு, கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, ஸ்டூடியோக்காரருக்குப் போன் செய்தார்.

ஸ்டூடியோக்காரர் பிழைப்பை மாற்றி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முன்பெல்லாம் ஜனங்கள் இஸ்திரி போட்ட துணியில் அவரிடம் வந்து, திரையில் வரைந்த அருவிக்கு முன்னால் நின்று, அவர் சொன்னால் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். போனில் கேமரா வந்ததும் அருவி காலியானது. அதற்காக அவர் மனம் உடைந்துபோகவில்லை. இருபது வருடம் இருட்டறையில் நின்றதில் விரலில் ஏறிய, படம் கழுவுகிற ஹைப்போ மருந்தின் நாற்றத்தால், அவர் உரித்த ஆரஞ்சுச் சுளையை வீட்டில் யாரும் தொட்டது கிடையாது. மருந்தையும் தட்டுகளையும் பரணில் தூக்கிப் போட்ட அன்று நிம்மதியாகத் தூங்கினார். பிறகு யாரோ ஒரு அம்மா, நாங்கள் வீட்டில் எப்படி இருக்கிறோமோ அப்படியே எடுத்துத் தாருங்கள் என்று கேட்க, அடுத்தவர் வீட்டு மூலையில் நாள் முழுக்க நிற்பதே தொழிலாயிற்று. காலையில் தலை வாரிப் பவுடர் போட்டு அவர் முன்னால் நடமாடுகிறவர்கள் மதியத்துக்குள் அவரை ஒரு ஸ்டூலைப் போல மறந்துவிடுவார்கள். ஒரு வீட்டில் அவர் தோளிலேயே ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள். அதற்குப் பிறகுதான் படம் விழும்: சாக்ஸுக்கு ஜோடி தேடும் அப்பா, ரிமோட்டுக்காக உருளும் அண்ணன் தங்கை, கதவிடுக்கில் நின்று போனில் யாரையோ திட்டும் அம்மா. சிரிங்க, அசையாதீங்க என்று சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் கஷ்டம். நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பார். பல் மருத்துவர் வீட்டாரைத்தான் முதல்முதலாகக் கறுப்பு வெள்ளையில் எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் மிக நன்றாக வந்தது மருத்துவர் சோபாவில் வாயைப் பிளந்து தூங்கும் படம். அடைக்காத சொத்தை இரண்டு துல்லியமாகத் தெரிந்தன.

போனில் மருத்துவரின் மனைவி சுற்றி வளைக்கவில்லை.

"அன்னிக்கு எடுத்த படத்தையெல்லாம் கழுவினீங்களா?"

"இப்ப யாரும்மா கழுவுறாங்க? எடுத்தவுடனே வந்துடுதே."

"கழுவாமயே குடுத்துட்டீங்களா?"

எச்சில் தட்டில் சாப்பாடு பரிமாறியவனிடம் கேட்கிற குரல் அது. படத்தை மருந்தில் முக்கி எடுப்பதற்குக் கழுவுவது என்றுதான் எப்போதும் பெயர். கழுவின பிறகுதான் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் ஆகி, மனிதன் பார்க்கிற மாதிரி ஆவான். இந்த ஒரு வேலை மிச்சமாயிற்று என்று ஸ்டூடியோக்காரர் இத்தனை நாள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

நேரில் போனபோது மருத்துவர் கைக்குட்டையால் வாயை மூடியபடி பேசினார். முதலில் வந்த நோயாளி இவர் பல்லைப் பார்த்துவிட்டுத் தன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், இது யார் செய்த வேலை என்று நாற்காலியில் படுக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லப்போவதாகச் சொன்னார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவன் கேட்பதைத் தவிர என்ன செய்வான்? ஒரு மாதத்தில் எல்லாத் தெருவுக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு எந்த வீட்டு மூலையும் ஸ்டூடியோக்காரருக்குக் கிடைக்காது. திரும்பிப் போவதற்கு அருவியும் இல்லை. படங்களைப் பளபளவென்று பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை, மெஷினில் வந்த காகிதத்தில் ஈரமே பட்டிருக்கவில்லை. ஸ்டூடியோக்காரரின் மனைவி நகம் வெட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"படத்தைக் கழுவ முடியலைன்னா ஆளைக் கழுவுங்க. மருந்து பரண்லதானே கெடக்கு?"

ஞாயிறு காலை மருத்துவர் வீட்டுக் குளியலறை ஜன்னலில் போர்வை தொங்கியது, சிவப்பு பல்பு எரிந்தது. நீலத் தொட்டியில் டெவலப்பர், நடுவில் தண்ணீர், கடைசித் தொட்டி ஹைப்போவுக்கு. பக்கவிளைவு உண்டா என்று மருத்துவர் விசாரித்தார். விரல் நாறும் என்றார் ஸ்டூடியோக்காரர். ஹைப்போ பாக்கெட்டைப் பிரித்தபோதுதான் பாதி கல்லாகிப் போயிருந்தது தெரிந்தது. இரண்டு பேருக்குத்தான் காணும். ஹைப்போவில் முங்காதவர்கள் வெளியே வந்து வெளிச்சம் பட்ட நிமிடம் மறுபடியும் நெகட்டிவாகிவிடுவார்கள். முதலில் குழந்தை என்று மருத்துவர் பெருந்தன்மையாகச் சொன்னார், ஒரு காலைத் தொட்டிக்குள் வைத்த பிறகு. மகளுக்கு ஒன்பது வயது.

"எனக்கு வேண்டாம். நாளைக்கு ஸ்கூல்ல காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்."

"என்னடி காட்டப்போற?"

"என்னையேதாம்மா."

அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னாள். மகள் குளியலறைக் கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனாள். மருத்துவரும் மனைவியும் துணியோடு தொட்டிகளில் முங்கி எழுந்தார்கள். முடி நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. மருத்துவர் டெவலப்பரில் உட்கார்ந்துகொண்டு கட்டணம் யார் தலையில் என்று வாதாடியதில் கொஞ்சம் அதிக நேரம் ஊறிவிட்டார். அன்று முதல் எண்ணெய் வழிகிற கறுப்பில் முடியும் கண் கூசுகிற வெள்ளையில் பல்லும் அவருக்கு அமைந்தன. இருவரும் மொட்டை மாடியில், கைகளை விரித்து, ஒருவர் மேல் ஒருவர் படாமல், கொடிக்கு அடியில் காய்ந்தார்கள். ரொம்ப நாள் கழித்து ஸ்டூடியோக்காரர் வாய் நிறைய அசையாதீங்க என்று சொன்னார்.

திங்கட்கிழமை மாலை போன் அடிக்கத் தொடங்கியபோது அவர் எடுக்கவில்லை, மனைவிதான் எடுத்தாள். வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள். பிள்ளை சாப்பிடாமல் தரையில் புரண்டு அடம் பிடிக்கிறதாம், ஒரு நாள் வந்து எடுத்துக் கொடுங்கள், கழுவாமல் கொடுங்கள் என்றார்கள். மருத்துவரின் மிரட்டல் அத்தோடு செத்தது. சொந்த மகளே தெருத் தெருவாகப் போய் விளம்பரம் செய்துகொண்டிருந்தாள். அதன் பின் ஸ்டூடியோக்காரர் எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும், காபிக்குச் சர்க்கரை கேட்பதைப்போல, கழுவவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டார். நரைத்த தலையோடு இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், முடி கறுத்ததற்காகப் பல் கறுத்ததைப் பொறுத்துக்கொண்டு, சிரிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். சம்சாரம் அவரோடு வெளியே போகும்போது இரண்டடி பின்தங்கியே நடந்தாள்.

புது ஹைப்போ அடுத்த வாரமே வந்தது. மருத்துவர் மகள் அதற்கடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அந்த வாரம் வருவதற்குள் அவள் பள்ளியை முடித்து, ஒரு காதலைத் தொடங்கி, அதையும் முடித்து, அரசு வேலைக்கான தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். விண்ணப்பத்தில் ஏற்றிய படத்தில் கம்ப்யூட்டர் அவள் முகத்தை முகமென்று ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்டூடியோக்காரர் படத்தில் கறுப்பையும் வெள்ளையையும் ஒரே தட்டலில் மாற்றிப் போட, உடனே ஒப்புக்கொண்டது. படமும் ஆளும் பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை மருத்துவர்தான் கண்டுபிடித்தார். தேர்வன்று மருத்துவரும் ஸ்டூடியோக்காரரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். அவள் இரண்டு வருடம் படித்த படிப்பு இந்தக் கேட்டில் போனால், மருத்துவரின் நாற்காலியில் படுக்கிறவர்களெல்லாம் இனித் தன் கதையைத்தான் கேட்பார்கள் என்று ஸ்டூடியோக்காரருக்குத் தெரியும். கண்காணிப்பாளர் டிக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் டிக்கெட்டைப் பார்த்தார்.

"நீலப் பேனாதானே வச்சிருக்க? கறுப்புல எழுதக் கூடாது."

அவள் பேனாவைக் காட்டினாள். அவர் நகர்ந்து வழிவிட்டார்.