கடைசி முப்பது மீட்டர்

என் அக்கா மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்ற ஆரம்பிப்பாள். பன்னிரண்டரைச் சுற்று. கூடவும் கிடையாது, குறையவும் கிடையாது. கடைசிச் சுற்றில் நாற்காலிக்கு மூன்றடி இருக்கும்போது நின்றுவிடுவாள். அதற்கப்புறம் அசைய மாட்டாள். கூப்பிட்டால் காதில் விழாது, தொட்டால் தோள் மரக்கட்டையாக இருக்கும், நெற்றியில் மட்டும் வேர்வை வழியும். முதலில் ஐந்து நிமிடம் நின்றாள். எட்டு மாதத்தில் அது ஐந்து மணி நேரமாகிவிட்டது. கணுக்கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழைய மறுத்தன.

மருத்துவர் எல்லாப் படமும் எடுத்துப் பார்த்துவிட்டு, "தலையில ஒண்ணும் இல்ல" என்றார். "அது எனக்குக் கல்யாணம் ஆன அன்னைக்கே தெரியும் டாக்டர்" என்று அத்தான் ஜோக்கடித்தார். யாரும் சிரிக்கவில்லை, அவரும்தான். வெளியே வந்ததும் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே நின்றுகொண்டிருந்தால் இதயம் ரொம்ப நாள் தாங்காது என்றார்.

ஓட்ட மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று என்றால் ஐயாயிரம் மீட்டர். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அக்கா அந்தத் தூரத்தில் தேசியப் போட்டியில் ஜெயித்தாள். ஜெயித்தாள் என்று சொன்னால் நம்பத்தான் ஆள் இல்லை.

நான் ஒரு விளையாட்டுச் சேனலில் படத்தொகுப்பு வேலை பார்க்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் பெண்கள் ஓட்டம் என்றால் எங்களுக்கு ஒட்டுத்துணி. ஆண்கள் போட்டி இரண்டுக்கு நடுவில் கிழிசல் தெரிந்தால் அங்கே வைத்துத் தைப்போம். அக்கா ஓடிய அன்று செய்திக்கு மொத்தம் நாற்பது வினாடி. கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் இடத்தோடு அவள் ஓட்டத்தை வெட்டியாகிவிட்டது. அடுத்த படம் ஆண்கள் உயரம் தாண்டுவது. மணி அடிக்கும்போது முன்னால் ஓடியவள் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவள், அக்காவின் போட்டிக்காரி. பார்த்தவர்கள் நெட்டைதான் ஜெயித்தாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மைதானத்துக்கே போகாமல் டிவியைப் பார்த்து எழுதிய நிருபர்களும் அப்படியே எழுதினார்கள். நடுவர்களின் தாளில் அக்கா பெயர்தான் இருந்தது. தாளை எவன் படிக்கிறான்? யானை வரும் பின்னே, மணி ஓசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் டேப்பில் மணி ஓசை வந்தது, யானை வரவே இல்லை. முழு ஓட்டமும் இருந்த டேப்பின் மேல் அடுத்த வாரமே வேறு எதையோ பதிவு செய்துவிட்டோம். அப்போது அதுதான் வழக்கம்.

இப்போது வந்திருக்கும் மேலாளர் அம்மா விவரமானவர். "பொண்ணுங்க ஜெயிச்சா முடிவை மட்டும் படிச்சிட்டுப் போயிட்டோம். கதை சொன்னாத்தானே மனசுல நிக்கும்?" என்று ஒரு தொடர் ஆரம்பித்தார். முதல் பகுதிக்கு யார் என்று கேட்டபோது, நான் யோசிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது.

முதலில் நெட்டையைப் பேட்டி எடுத்தேன். நல்ல மனுஷி. "நான் ஜெயிக்கலன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். டிவியில காட்டினாங்களேங்கிறாங்க" என்றாள். பிறகு மணி அடித்ததும் வந்த முதல் வளைவைச் சொன்னாள். "உங்க அக்கா மூச்சு என் வலது காதுல சூடா பட்டுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இன்னைக்கு நான் இல்லன்னு."

மறுநாள் காலை பழைய நாற்பது வினாடி டேப்பைப் போட்டேன். மணி அடித்தது. வெட்டு வரவில்லை. வளைவில் நெட்டையின் வலது தோளை ஒட்டி அக்கா ஓடினாள். வளைவு முடிகிற இடத்தில்தான் உயரம் தாண்டுகிறவன் வந்தான். வேறு பிரதியை எடுத்து வந்துவிட்டேனோ என்று நூலக அறையில் கேட்டேன். இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதை இருபது வருடமாக யாரும் தொடவில்லை என்றார்கள்.

அடுத்தது மணி அடித்தவர். ஓய்வு பெற்ற நடுவர், பேசப் பேசக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எதிர்ப்பக்க நேர்கோட்டுலதாம்மா தாண்டினா. தலை ரிப்பன் அவிழ்ந்து ரெண்டாவது பாதையில விழுந்துச்சு. சிவப்பு ரிப்பன். கடைசி வளைவுலயும் அவதான் முன்னால. அப்புறம்..." கை நின்றது. "அப்புறம் யாரோ உயரம் தாண்டுறதுல சாதனைன்னு கத்துனாங்க. மொத்தக் கூட்டமும் திரும்பிச்சு. நானும் திரும்பிட்டேம்மா. அவ முடிச்சதை நான் பார்க்கல."

அன்று சாயங்காலமே டேப்பைப் போட்டேன். ரிப்பன் விழுந்தது, சிவப்பாகவே. கடைசி வளைவைத் தாண்டி அக்கா நேராகக் கேமராவை நோக்கி வந்தாள். எல்லைக் கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது நின்றாள்.

படம் நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். இல்லை. அவளுக்குப் பின்னால் கொடிகள் பறந்தன. பார்வையாளர் வரிசை முழுக்கப் பின்னந்தலைகள், ஒரு முகம்கூட இல்லை. வேறு யாரும் ஓடி வரவில்லை. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். கொடிகள் நின்றன. அவள் மார்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஷூவுக்கு மேலே அவள் கணுக்கால்கள் வீங்கியிருந்தன. அது இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கால் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். அத்தான் குரல் உடைந்திருந்தது. "மூணு மணியிலேர்ந்து நிக்கிறா. இன்னைக்கு உதடெல்லாம் நீலமா இருக்கும்மா. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. யார் எதுவரை பார்த்துச் சொன்னார்களோ, அதுவரைதான் அவளால் ஓட முடிந்தது. மிச்ச முப்பது மீட்டரை அவள் முகத்துக்கு நேராகப் பார்த்த ஆள் உலகத்தில் ஒரே ஒருத்தி. அவள் இருபத்திரண்டு வருடமாக வாயைத் திறக்கவில்லை.

தொடருக்குப் பின்னணி பேச வைத்திருந்த மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

"அன்னைக்கு எடிட்டிங் பண்ணது நான்தான்" என்றேன். "வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம். நாப்பது வினாடின்னு மட்டும்தான் மேல சொன்னாங்க. எதை வெட்டணும்னு யாரும் சொல்லல. ஆரம்பத்தை வெட்டியிருக்கலாம். முடிவை வெட்டினேன். சொந்த அக்காவைத் தூக்கி வைக்கிறாள்னு பேசுவாங்களேன்னு பயம். அது பாதிதான். மீதி பொறாமை. வீட்டுல எதுக்கெடுத்தாலும் அவ பேச்சுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ இல்லாம இருக்கட்டுமேன்னு தோணுச்சு."

வேலியே பயிரை மேய்ந்த கதையை முதன்முதலாக வெளியே சொன்னேன். திரையில் அவள் வலது கால் ஓர் அடி எடுத்து வைத்தது.

"அவ ஓடி வந்தா. பல்லைக் கடிச்சுக்கிட்டு, முடி முகத்துல விழ, பத்து மீட்டர் முன்னாலயே சிரிச்சுட்டா. கூட்டம் அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அதைப் பத்தி அவ கவலையே படல. மொத நாள் ராத்திரி என்கிட்ட சொல்லியிருந்தா, 'ஜெயிச்சா கேமராவைப் பார்த்துக் காதைப் பிடிச்சு இழுப்பேன், அது உனக்கு மட்டும்'னு. சின்ன வயசுல நான் அழுதா அப்படித்தான் சிரிக்க வைப்பா. கோட்டைத் தாண்டினா. கேமராவைப் பார்த்தா. இடது காதைப் பிடிச்சு இழுத்தா. நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் வெட்டினேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் ஓடினாள். கோட்டைத் தாண்டினாள். காதைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்புறம் இன்னொன்று. ஆயிரக்கணக்கான முகங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி அவளைப் பார்த்தன. கைதட்டும் சத்தம் மழை வருவது போல தூரத்திலிருந்து வந்தது. நான் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

போன் இன்னும் அணைக்கப்படாமல் கிடந்தது. அதற்குள்ளிருந்து அத்தான் கத்தினார். "உக்காந்துட்டா! நாற்காலியில உக்காந்துட்டா! தண்ணி கேக்குறா! காதைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாம்மா!"

"குடுங்க அத்தான், அவகிட்ட குடுங்க."

தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் மூச்சு, நீண்ட ஓட்டம் முடித்தவளின் மூச்சு.

அந்த ஓட்டம் முடிந்த அன்று அவளிடம் நான் சொன்ன பொய் இன்னும் எனக்கு நினைவிருந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பிடுச்சுக்கா, நீ முடிச்சது பதிவாகல என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சரி விடு என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் ஓடவே இல்லை.

"அக்கா, கேமரா எங்கேயும் திரும்பல. நான்தான் வெட்டினேன்."

"தெரியும்டி" என்றாள். "கேமரா மேல, பதிவாகும்போது எரியுமே, அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதைப் பார்த்துத்தானே காதைப் பிடிச்சேன்."