உள்ளே ஒன்றுமில்லை

"வீல்சேர் உள்ளே போகுமா?" என்று முந்தின நாளே போன் செய்து கேட்டேன். "தாராளமா வாங்க, சாய்தளம் போட்டிருக்கோம்" என்றார்கள். போட்டுத்தான் இருந்தார்கள். டிக்கெட் கவுண்டரிலிருந்து வழவழவென்று ஏறிவந்த சாய்தளம், ராணியின் குளியல் மண்டபத்து வாசலில், முழங்கால் உயரக் கல்படி ஒன்றின் முன்னால் நின்றுவிட்டது.

"ஒரு படிதானேம்மா, தூக்கிடலாம்" என்றார் காவலாளி. அந்தத் 'தானே'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு பக்கம் அவர் பிடிப்பார், சரி. மறுபக்கம்? லாரி ஓட்டி ஓட்டி முதுகு போய், சட்டைக்குள் பெல்ட் கட்டியிருக்கும் என் தம்பி. போன தடவை என்னைத் தூக்கிவிட்டு ஒரு வாரம் படுத்துக் கிடந்தவன்.

"வேண்டவே வேண்டாம். நீ போய்ப் பாத்துட்டு வா" என்றேன். செல்போனைக் கவுண்டரிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால் படம் எடுக்கவும் வழியில்லை.

போன வேகத்தில் திரும்பிவிட்டான். "உள்ள ஒன்னுமில்லக்கா. ஒரே வௌவால் நாத்தம்."

அலுத்துப்போய்விட்டது. இவன் போய்ப் பார்த்துவிட்டு வந்த எந்த இடத்திலும் இதுவரை ஒன்றுமே இருந்ததில்லை. அரண்மனையில் ஒன்றுமில்லை, கலங்கரை விளக்கத்தில் ஒன்றுமில்லை. கிளம்பலாம் என்று பிரேக்கை எடுத்தேன். அப்போது உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். "அம்மாடி, மேல எத்தனை மீனு வரைஞ்சிருக்காங்கடீ! நீந்துற மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"ஏண்டா, ஒன்னுமில்லாததைப் பாத்தா கழுத்து வலிக்குமா?"

"நீ வெளியில உக்காந்திருக்கும்போது, உள்ள நல்லாருக்குன்னு எந்த வாயால சொல்றது?"

"இந்த வாயாலதான். பாக்க முடியலையேன்னு அழுதுட்டாவது போறேன். ஒன்னுமில்லன்னு சொல்லி அதையும் பிடுங்காதே. மறுபடி போ."

இந்த முறை வரவேயில்லை. நிழல் நகர்ந்து வெயில் என் மடிக்கு வந்துவிட்டது. இவனுக்கு உள்ளே என்ன ஆயிற்றோ என்று காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒருவழியாக வந்தவனின் சட்டை முதுகெல்லாம் தூசி. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தான்.

"தரையில படுத்துப் பாத்தேன்க்கா. அப்பதான் தெரியுது. மேல முழுக்க நீலம். ராணி தண்ணியில மல்லாந்து கிடந்தா, மேலயும் தண்ணிதான். மீனெல்லாம் அவளைச் சுத்திப் போகும். மூலையில ஒரு குட்டி மீனுக்கு மட்டும் கண்ணு வரைய மறந்துட்டாங்க..."

எனக்கு வயிறெரிந்தது. அவன்மேல் அப்படியொரு பொறாமை. கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான்.

"நிறுத்தாதடா" என்றேன். "அந்தக் குட்டி மீன் எந்தப் பக்கம் போகுது?"