சிவப்பாய் வந்த தெருக்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, என் அண்ணி சொன்னது. அவர் நகராட்சியில் வரைபடம் போடுகிறவர். எந்தத் தெருவுக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு தாமதமாகப் போகிறது என்று கணினியில் அலசி, ஊர்ப்படத்தில் வண்ணம் தீட்டியிருந்தார். அதை மக்களுக்கு விளக்கப்போய்ப் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, "எழுதித் தொலைச்சிடாதே" என்றார். எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'புள்ளிவிவரங்கள் பேசுவதில்லை, மனிதர்கள்தான்...' வேண்டாம். மேடைப்பேச்சு வாடை அடிக்கிறது.

இப்படித் தொடங்கலாம். நகராட்சிக் கூட்ட அரங்கம் நிரம்பி வழிந்தது. இருக்கிற ஒரே ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. இரண்டாவதை எங்கே நிறுத்துவது என்று அன்று முடிவாக வேண்டும். அண்ணி திரையில் படத்தைப் போட்டார். தாமதமாகும் தெருக்கள் சிவப்பு. "இது பயணநேர அடிப்படையிலான..." என்று ஆரம்பித்தவரை ஒரு தையல்காரர் எழுந்து மறித்தார்.

"எங்க தெரு சிவப்பா இருக்கே. இடிக்கப் போறீங்களா?"

"இல்லைங்க, சிவப்புன்னா..."

அவ்வளவுதான். அரங்கம் சந்தையாகிவிட்டது.

(இந்த இடத்தில் அண்ணியைத் துணிச்சல்காரியாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஓடிப்போகத்தான் பார்த்தாராம். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றதால் தங்கிவிட்டார்.)

3

வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் யோசனை வந்தது. திரையை அணைத்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. அந்த வாசல்தான் ஆஸ்பத்திரி. இந்த மேடை, வண்டி கேட்ல காத்துக் கிடக்கிற ரயில் பாதை. அவங்கவங்க வீடு எங்க இருக்கோ, அங்க போய் நில்லுங்க."

முணுமுணுத்தார்கள், இடித்துக்கொண்டார்கள், "நீங்க எங்களுக்கு எதிர்வீடு, இந்தப் பக்கம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். தையல்காரர் நிறைமாத மகளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு, மேடையையும் தாண்டி, அதன் பின்மூலையில் போய் நின்றார்.

"சிவப்புன்னா இதுதாங்க," என்றார் அண்ணி. "வண்டி உங்ககிட்டதான் கடைசியா வரும்."

வாசலருகே நின்ற மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எங்க தெருவுக்குத்தான் வேணும்னு சண்டை போட வந்தேம்மா. ஆனா அந்தப் பொண்ணு நிக்கிற இடம்... ரொம்பத் தூரமா இருக்கே."

4

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லாரும் கைதட்டுகிறார்கள், எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் நகராட்சித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து...

இல்லை.

நடந்தது இதுதான்: இரண்டாவது வண்டி மேடைக்கு அந்தப் பக்கம் நிற்கட்டும் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் அண்ணி. மருந்துக்கடைக்காரரின் கை முதலில் எழுந்தது. அவர் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் நடுவில் சில.

இங்கே நான் பேனாவை மூடுகிறேன். நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறீர்கள். உங்கள் வீடு வாசலுக்குப் பக்கமா, தூரமா, எனக்குத் தெரியாது. கை உங்களுடையது.